தேவன் கூட இருக்கிறார் என்று உணர முடியாதபோது எப்படி நம்புவது?

ஜெபித்தும் தேவன் அருகில் இருப்பதாகத் தோன்றவில்லை, அப்புறம் எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வலி எனக்கும் தெரியும்.

நம்முடைய நம்பிக்கை அன்றைய மனநிலையின் மேல் நிற்பதில்லை, அவர் கொடுத்த வாக்கின் மேல் நிற்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ‘இம்மானுவேல்’ என்ற பெயர் வருகிறது. ‘தேவன் நம்மோடு இருக்கிறார்’ என்பது அதன் பொருள். அதே சுவிசேஷத்தின் கடைசி வசனத்தில் இயேசு, எல்லா நாட்களிலும் உங்களோடு இருக்கிறேன் என்கிறார். எல்லா நாட்களிலும் என்றால் வறண்ட நாட்களிலும்தான்.

வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 23ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். புல்வெளியில் இருக்கும்வரை தாவீது ‘அவர்’ என்று தேவனைப் பற்றிப் பேசுகிறார். 4ஆம் வசனத்தில் இருண்ட பள்ளத்தாக்கு வந்ததும் ‘தேவரீர்’ என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் தேவன் கூட இருந்தால் புயலே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் போன கப்பல் புயலில் உடைந்துதான் போனது. அதிலிருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? 13ஆம் சங்கீதம் போல “எதுவரைக்கும் கர்த்தாவே?” என்றே கேளுங்கள். இல்லாத ஒருவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.