அப்பம்மாவின் அறைக் கதவு

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. ரியூசனுக்கு விட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வரவில்லை. ‘நைஃப்’ என்ற சொல்லை ‘என்’னில் தொடங்கி எழுதுகிறான். முன்னால் ‘கே’ எதற்கு என்று அவன் கேட்டால் எங்களுக்கும் பதில் தெரியாது. தமிழ் கதைத்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று ஆறு மாதமாக வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். மாமிக்கு ஆங்கிலம் வராது, அதனால் அவ அநேகமாக அறைக்குள்ளேயே இருந்துவிடுவா. நோர்வேயிலிருந்து கணவரின் தம்பி எடுத்தால் மட்டும் கொஞ்ச நேரம் கதைப்பா. மகனை எப்படித் திருத்துவது?
ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, இதே கவலையோடு எத்தனையோ தாய்மார் எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் மாமியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்களே, என்னால் அதைக் கடக்க முடியவில்லை.

முதலில் பிள்ளையின் கேள்வி. அது நல்ல கேள்வி. அந்தக் ‘கே’யை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். 1476-இல் வில்லியம் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தபிறகு எழுத்து மெல்ல மெல்ல ஒரே வடிவில் நின்றுவிட்டது. நாக்கு நிற்கவில்லை, அது ‘கே’யை விட்டுவிட்டுப் போனது. அந்தச் சொல்லே வட ஐரோப்பாவின் கடலோடிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. உங்கள் கொழுந்தனாரைக் கேட்டுப் பாருங்கள், நோர்வேயில் கத்திக்கு இன்றைக்கும் ‘க்னீவ்’ என்றுதான் பெயர். முழங்காலுக்கும் முடிச்சுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களிலும் அதே ‘கே’தான். மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், மறக்கமாட்டான். பேச்சில் மறைந்த ஓர் எழுத்தைக்கூட அவர்கள் எடுத்தெறியாமல் இத்தனை நூற்றாண்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஆறே மாதத்தில் ஒரு மனுசியை அறைக்குள் அனுப்பிவிட்டீர்கள்.

உங்கள் கணவரையும் நோர்வேக்குப் போனவரையும் பெற்று ஆளாக்கியவ, நாலு வார்த்தை கதைக்கத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிறா. நேரத்துக்குச் சோறு கொடுத்தால் கடமை முடிந்ததா? பெரியவர்களோடு கதைப்பதும் கடமைதான். அதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. அவவுடைய மகனும் இதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பது இன்னும் வலிக்கிறது.

தமிழ் கதைத்தால் ஆங்கிலம் கெடும் என்று எவர் சொன்னாலும் பிழை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலத்தில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளைதான் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். ஆங்கிலம் இவ்வளவு செழித்ததும் கண்ட மொழியிலெல்லாம் கேட்டு வாங்கியதால்தான். நம் கட்டுமரம் அங்கே ‘கற்றமரான்’. சுருட்டு ‘ஷெரூட்’. மிளகுதண்ணியும் சூப்பாகி அவர்களுடைய அகராதியில் இருக்கிறது. மாமியின் வாயில் புழங்கும் சொற்கள் இவை. ஆங்கிலம் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது, உங்கள் வீட்டில் இடமில்லை.

இன்னொன்று. ‘காகம்’ என்று எழுதுகிறோம். முதல் ககரமும் இரண்டாவது ககரமும் ஒரே மாதிரியா ஒலிக்கின்றன? உங்கள் மகன் அதைத் தடுமாறாமல் வாசிப்பான். யாரும் விதி சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்பது அவனுக்குப் புதிதல்ல, அப்பம்மா காகத்துக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த காது அது. ஆங்கிலத்துக்கும் அந்தக் காதுதான் வேண்டும். தினமும் அரை மணித்தியாலம் ஆங்கிலக் கதையொன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும், வாசித்ததை அவவுக்குத் தமிழில் சொல்லட்டும். கதை விளங்கினால்தானே சொல்லலாம்? ரியூசனில் கிடைக்காத பயிற்சி அது.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற அந்த விதியை இன்றைக்கே விடுங்கள். பின்னேரத் தேத்தண்ணியை அறைக்குள் அனுப்பவேண்டாம். விறாந்தையில் கதிரையைப் போட்டுவிட்டு, மகனை அனுப்பிக் கூப்பிடுங்கள். “அப்பம்மா, வாங்கோ” என்று அவன் தமிழில் கூப்பிடட்டும்.