முதுகலைப் படிப்பின் தரத்தை எதை வைத்து அறிவது?

கேள்வி: இளங்கலை விலங்கியல் முடித்துள்ள என் மகள், கடல் உயிரியலில் முதுகலை படிக்க விரும்புகிறாள். விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்கள் யாவும் ‘நாக்’ குழுவின் உயர்ந்த தரச்சான்று பெற்றவை என்கிறார்கள். அதை நம்பிச் சேர்க்கலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: அந்தச் சான்றை ஐயப்பட வேண்டியதில்லை, ஆனால் தங்கள் கேள்விக்கு அது மட்டும் விடையாகாது. 1994-இல் தொடங்கப்பட்ட, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக், நூலகம் முதல் நிர்வாகம் வரை பல்கலைக்கழகத்தை முழுமையாகப் பார்த்தே தரம் வழங்குகிறது. நான்கு புள்ளிகளுக்கு 3.51-க்குக் குறையாமல் பெற்று ‘ஏ பிளஸ் பிளஸ்’ ஆன பல்கலைக்கழகத்திலும், தங்கள் மகள் சேரவிருக்கும் துறையில் மட்டும் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடந்து, வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே நடந்துகொண்டிருக்கக்கூடும். கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தி மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பொறியியல், மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கடல் உயிரியலுக்குக் கிடையாது.

ஆகவே, மகளை அழைத்துக்கொண்டு துறைக்கே நேரில் சென்று வாருங்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கடற்கரையிலேயே அமைந்திருப்பது பெரும் வசதிதான். அந்த வசதி மாணவர் கைக்கு எட்டுகிறதா என்பதையே, எந்தத் துறையானாலும், பார்க்க வேண்டும்.

முதலில், அண்மை ஆண்டுகளின் முதுகலை ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். மாணவர் தாமே சேகரித்த தரவுகள் அவற்றில் இருக்கின்றனவா, அல்லது ஊர்ப்பெயர் மட்டும் மாறி ஒரே தலைப்பு ஆண்டுதோறும் திரும்ப வருகிறதா என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். என் மதிப்பீட்டில் வேறெந்தச் சான்றையும்விட இதுவே நம்பத்தக்கது. பிறகு, ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஃபார்மலினில் இட்டு வைத்திருக்கும் உயிரினங்களின் சீட்டுகளைப் படியுங்கள். இனத்தின் பெயரோடு, எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவையும் அவற்றில் இருக்க வேண்டும். இடமும் நாளும் இல்லாத மாதிரி ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது. அண்மைய தேதியிட்ட சீட்டுகள் இருந்தால், அங்கே மாணவர்கள் கடலுக்குச் சென்று வருகிறார்கள் என்று நம்பலாம்.

ஆய்வேட்டுக்காக மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு தங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. அது கொச்சிக்குப் பெயர்ந்த பின்னரும் நிலையத்தின் மண்டல மையம் அங்கேயே இயங்குகிறது. இத்தகைய இடங்களோடு தொடர்புள்ள துறையில் படிப்பவருக்குக் கிடைக்கும் பயிற்சி, வகுப்பறையில் மட்டும் படிப்பவருக்குக் கிடைப்பது அரிது. இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசிப் பார்ப்பதையும், அண்மை ஆண்டுகளில் படித்து முடித்தவர்களில், ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் தேறியவர்கள் யார் என்று விசாரிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முதுகலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்குச் சேர விரும்புகிறேன். வழிகாட்டியை எவ்வாறு மதிப்பிடுவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: அவரிடம் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், இரண்டையாவது முழுமையாகப் படியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மிகாமல் வழிகாட்டலாம். இடம் காலியாக இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், எழுதிக் கொடுத்த இயலைத் திருத்தித் தர அவர் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார் என்று, இப்போது அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களையே கேளுங்கள்.