ரூத் வெஸ்ட்ஹைமர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரூத் வெஸ்ட்ஹைமர் பற்றிய உங்கள் அஞ்சலிக் குறிப்பை வாசித்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாலுறவைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிய குள்ளமான மூதாட்டி என்ற அளவில்தான் அவரை எனக்குத் தெரியும். நீங்களோ ‘பெரும் ஆசிரியை’ என்கிறீர்கள். இருபது வருடமாக வகுப்பறையில் நிற்பவள் நான். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. யூத அகதிக் குழந்தை என்பதால் வந்த பரிவா?

ச.

அன்புள்ள ச.,

பரிவு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவர் எப்போது கற்பிக்கத் தொடங்கினார் என்பதைச் சொன்னால் நீங்களும் அந்தச் சொல்லைக் கொடுப்பீர்கள்.

1938 நவம்பர், ஃபிராங்க்ஃபர்ட். பளபளக்கும் பூட்ஸ் அணிந்த நாஜிகள் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூட்டிப்போனார்கள். பாட்டி தன் பணத்தை எடுத்து அவர்களிடம் நீட்டி, மகனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பத்து வயதுச் சிறுமி ரூத் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியில் ஏறுமுன் அப்பா திரும்பி, சிரித்துக் கையசைத்தார். 1939 ஜனவரி 5 அன்று அம்மாவும் பாட்டியும் அவளை சுவிட்சர்லாந்து செல்லும் குழந்தைகள் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கையில் ஒரே ஒரு பொம்மை. வண்டியில் அவளைவிடச் சிறிய பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பொம்மையை அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஹைடன் என்ற ஊரின் விடுதியில் ஆறு மாதம் தங்கினால் போதும் என்று சொல்லி அனுப்பப்பட்டவள், போர் முடியும்வரை அங்கேயே இருந்தாள். வீட்டுவேலை செய்தாள், சின்னக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டாள். மேற்படிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. பள்ளிக்குப் போன பையன் ஒருவனின் பாடப்புத்தகங்களை இரவில் ஒளிந்து படித்தாள். மாதவிடாய் என்றால் என்ன என்று மற்றப் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னதும் அந்த விடுதியில்தான். அவர்களுக்கு அதைச் சொல்லத் தாய் பக்கத்தில் இல்லை. வானொலியில் பேசத் தொடங்குவதற்கு நாற்பது வருடம் முன்பே அவருடைய வகுப்பு தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டுக் கடிதங்கள் 1941இல் நின்றன. அப்பா ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அம்மா என்ன ஆனார் என்பதற்குத் தடயமில்லை.

அதன்பின் ஜெருசலேமில் மழலைப்பள்ளி ஆசிரியைப் பயிற்சி, பாரிசில் உளவியல் படிப்பு, நியூயார்க்கில் வீட்டுவேலை செய்துகொண்டே மேற்படிப்பு. 1970இல், 42 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அது கல்வித்துறைப் பட்டம், கவனியுங்கள். 1980இல் ஞாயிறு நள்ளிரவில் வானொலியில் கிடைத்த பதினைந்து நிமிடம்தான் அவரைப் புகழ்பெற வைத்தது. வீட்டில் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். கேட்டவரைக் கூசவைக்காத பதில் வரும். ஒரு நல்ல வகுப்பறையில் வேறென்ன நடக்கிறது? பின்னாளில் பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களிலும் பாடம் நடத்தினார்.

குறிப்பில் எழுதாமல் விட்ட ஒன்று. அவருடைய இயற்பெயர் கரோலா ரூத். பதினேழு வயதில் பாலஸ்தீனம் சென்றபோது, கரோலா என்பது ஜெர்மன் பெயராக ஒலிக்கிறது, மாற்றிக்கொள் என்றார்கள். ரூத் ஆனார். ஆனால் கரோலாவின் (Karola) முதலெழுத்தான K-ஐ விடவில்லை. பெற்றோர் எங்கேனும் உயிரோடு இருந்து தேடினால் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். 2024 ஜூலை 12 அன்று 96 வயதில் இறந்தார். உங்கள் பள்ளி நூலகத்தில் அவர் நூல் ஏதேனும் இருந்தால் அட்டையைப் பாருங்கள்: டாக்டர் ரூத் கே. வெஸ்ட்ஹைமர்.