அமைச்சரும் பட்டுப்புழுவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சீன எழுத்தாளர் வாங் மெங் 1986 முதல் 1989 வரை கலாச்சார அமைச்சர். 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய பின், காயம்பட்ட ராணுவத்தினரைப் பார்க்கப் போகாமல் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கினார், பதவி போயிற்று. அதே மனிதர் 2019-ல் அரசின் 'மக்கள் கலைஞர்' பட்டம் வாங்கிக்கொள்கிறார். இவர் எதிர்ப்பாளரா, அரசின் ஆளா? அரசு வேலையில் இருந்துகொண்டு நானும் ஒரு நாவல் எழுதுகிறேன், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தின் மந்தத்தைக் கதையாக எழுதிய வாங் மெங் மேல் 1950களில் 'வலதுசாரி', அதாவது கட்சிக்கு எதிரி, என்று சீட்டு ஒட்டினார்கள். இப்போது நீங்களும் பசையோடு கிளம்பிவிட்டீர்கள். அவர் கதை ஒன்றையாவது படித்துவிட்டு இதைக் கேட்டிருக்கலாம். பட்டம் கொடுத்தார்கள், வாங்கினார். விடுங்கள்.

சில நாட்களாக என் மனதில் ஓடுவது இன்னொரு அமைச்சர். மாவோ துன். மக்கள் சீனத்தின் முதல் கலாச்சார அமைச்சர், 1949-லிருந்து 15 ஆண்டுகள். 1932-ல் பட்டுப்புழு வளர்க்கும் கிராமத்தைப் பற்றி ஒரு கதை எழுதினார். முட்டை ஒட்டிய துணியைப் பெண்கள் மார்போடு அணைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். கிழவர் ஒரு முழுப் பூண்டில் மண்ணைப் பூசிச் சுவரோரம் வைக்கிறார். நிறைய முளைவிட்டால் நல்ல மகசூல். கடைசியில் கூடு அமோகமாக விளைகிறது, வாங்கத்தான் ஆளில்லை. போரால் பட்டாலைகள் மூடிக்கிடக்கின்றன. விளைந்ததாலேயே கடன்!

இப்படிப் பார்க்கத் தெரிந்த மனிதர், 1949-க்குப் பிறகு 1981-ல் சாகும்வரை புதிதாக ஒரு நாவல்கூட எழுதி வெளியிடவில்லை. விமரிசனம் எழுதினார், உரைகள் ஆற்றினார். நாவல் இல்லை. பதவி போன பிறகும் இல்லை. யார் தடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். எந்த வரி யாருக்கு உறுத்தும் என்பதை அந்த நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்தவருக்கு யாரும் சொல்லவே வேண்டியதில்லை. சாகும்முன் தன் சேமிப்பில் 2,50,000 யுவானை நாவல்களுக்கான பரிசுக்குக் கொடுத்தார். எழுதாத நாவல்களுக்கு அவர் கட்டிய அபராதம் என்றே எனக்குத் தோன்றும்.

2015-ல் அந்தப் பரிசு யாருக்கு? உங்கள் வாங் மெங்குக்கு! அதுவும் சீனாவின் வடமேற்கிலுள்ள சின்ஜியாங்கில் உய்குர் இன விவசாயிகளோடு வாழ்ந்து, அவர்கள் மொழி பேசப் பழகி, 1970களில் எழுதிய நாவலுக்கு. 2013 வரை அது நூலாக அச்சேறவில்லை. அமைச்சராக அவர் இருந்தது மூன்றே வருடம், தப்பித்தார்.

பதவி உயர்வு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, குடும்பம் நடக்க வேண்டாமா. நாவலை மட்டும் அதற்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தில் சீன அமைச்சர் யாரும் வேண்டாம்.