வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி

கேள்வி: 1970 செவர்லே சி10 பிக்கப் வைத்திருக்கிறேன். ஹைவேயில் நேராகப் போகாமல் அலைகிறது, பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு ஒடிகிறது. கொஞ்சம் தாழ்த்தவும் ஆசை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பை (ஏர் பேக்) போடலாமா, ஸ்பிரிங் மாற்றினால் போதுமா? மாதம் ஒருமுறை தோட்டத்து மண் ஏற்றுவேன்.
- வாசகர், ஹூஸ்டன்

பதில்: மண் ஏற்றும் வண்டிக்கு ஏர் பேக் எதற்கு? கம்ப்ரஸர், டேங்க், டியூப் என்று கசிவதற்கு நாலு இடம் கூடும், அவ்வளவுதான்.

வண்டி அலைவதற்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் படுத்துப் பாருங்கள். எது தாமதமாக அசைகிறதோ அதற்கு முன்னால் இருக்கும் இணைப்புதான் தேய்ந்தது. சக்கரத்தைச் சேஸியோடு பிணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷெல்லாம் இந்நேரம் கருவாடாகியிருக்கும். முதல் செலவு அங்கேதான்.

அப்புறம் தாழ்த்துவது. என் 1968 வண்டியில் காசு மிச்சம் பிடிக்க, முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்துவிட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டங்' என்று அடி வாங்கினேன். அறுத்த ஸ்பிரிங் கடினமாகிவிடும், இறங்கி ஏறவும் இடம் இருக்காது. டிராப் ஸ்பிண்டில் வாங்குங்கள். சக்கரம் மாட்டும் அச்சையே இரண்டரை அங்குலம் மேலே தள்ளிச் செய்திருப்பார்கள். வண்டி இறங்கும், கன்ட்ரோல் ஆர்ம் பழைய கோணத்திலேயே நிற்கும்.

ஒரு சிக்கல் உண்டு. சி10-க்கு முன் டிஸ்க் பிரேக் வந்ததே 1971-ல். உங்களுடையது டிரம் பிரேக், டிராப் ஸ்பிண்டில்கள் பெரும்பாலும் டிஸ்க்குக்கானவை. பிரேக்கையும் சேர்த்து மாற்றினால் முன்சக்கரம் ஐந்து நட்டு, பின்சக்கரம் ஆறு நட்டு என்று ஆகிவிடக்கூடும். ஆறு நட்டு ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வாங்கிய நான் இரண்டு ஸ்டெப்னி தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

பின்னால் மூன்று அங்குலம் தாழ்த்தினால் போதும். நாலைத் தாண்டினால் ஆக்ஸில் சேஸியில் இடிக்கும், சேஸியை வளைவாக வெட்ட வேண்டிவரும். ஷாக் அப்சார்பரையும் குட்டையாக மாற்றுங்கள். ஆக்ஸிலைக் குறுக்கே பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியை மறந்துவிடாதீர்கள். அது வட்டமாகச் சுழல்வதால், வண்டி இறங்கியதும் ஆக்ஸிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டு, வண்டி சமதரையில் நிற்கும்போது இரு பக்கமும் டயருக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து முடுக்குங்கள்.