அப்பாவின்ரை மறதி: என்ரை பதில்

தம்பி, 74 வயசு அப்பா திறப்பை வைச்ச இடம் தேடுறார், ஆனா 1981இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச இரவை வடிவாச் சொல்லுறார், இது டிமென்சியாவோ (மறதிநோயோ) எண்டு கேட்டிருந்தீங்கள்.

புது விசயம் ஞாபகத்தில பதியிறதுக்கு மூளைக்குள்ள ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதி வேணும். வயசு போக அது மெல்லச் சுருங்கும். இளமையில மூளையின்ரை வலையமைப்புகள் தனித்தனியா வேலை செய்யும்; முதுமையில அந்த எல்லை மங்கி, ஒண்டுக்குள்ள ஒண்டு கலக்கும். அதுதான் டிவி ஓடேக்க வைச்ச திறப்பு மனசில நிக்காது. பலதரம் சொன்ன பழங்கதையோ மூளையின்ரை வெளியடுக்கான புறணி முழுக்கப் பரவி ஊறிப்போய்க் கிடக்கும்.

ஆனா பழசு ஞாபகம் இருக்கெண்டு நிம்மதியா இருந்திடாதேங்கோ. அல்சைமர் எண்ட மறதிநோயின்ரை தொடக்கத்திலயும் அப்பிடித்தான். திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில போனவர் பழகின ஒழுங்கையில வழி தெரியாமல் நிண்டால், உடனே டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

எப்பிடியும் விற்றமின் பி12, தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ, காது வடிவாக் கேக்குதோ எண்டும் பாருங்கோ. என்ரை அம்மா ஒரு தேத்தண்ணிக்கு மூண்டுதரம் சீனி போட்டவா; பாத்தால் பி12 குறைவு. ஊசி போட நல்லாத் தெளிஞ்சிட்டா.

திறப்புக்கு வாசலடியில ஒரு ஆணி அடிச்சு விடுங்கோ. மறந்ததுக்கு ஏசாதேங்கோ, தம்பி.