குருட்டடியா அது?

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மனைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தீர்கள். பத்தாவது சுற்று வரை தோற்றுக்கொண்டிருந்த 45 வயதுக்காரர் ஒருவர், குருட்டடியாக விழுந்த ஒரே குத்தில் உலகப் பட்டத்தைப் பிடித்ததற்கு இவ்வளவு புகழ்ச்சி தேவைதானா?
– ஆர்.எம்., ஏற்காடு

பதில்: 'புகழ்ச்சி' என்ற சொல்லை விட்டுவிடுகிறேன், அது உங்கள் உரிமை. 'குருட்டடி' என்ற சொல்லை மட்டும் என்னால் விட முடியாது.

குருட்டு அதிர்ஷ்டம், குருட்டு யோகம், குருட்டாம்போக்கு, குருட்டுப் பாடம் என்று, யோசிக்காமல் செய்யும் காரியத்தையெல்லாம் பார்வையற்றவர் தலையில் கட்டும் இந்தப் பழக்கத்தை நான் இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். 'வழக்கில் உள்ள சொல்லை மாற்ற நீர் யார்?' என்று கேட்டுக் கோபித்துக்கொண்ட நண்பர்கள் உண்டு. கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. என் கருத்து மாறவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு மாதந்தோறும் ஊதுபத்தி கொண்டுவரும் பார்வையற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் மாடிப்படியில் பதினேழு படிகள்; அவற்றில் ஒன்பதாவது படி மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம். கண்ணுள்ள நாங்கள் எல்லோரும் அதில் ஒருமுறையாவது இடறியிருக்கிறோம். அவர் இடறி நான் பார்த்ததில்லை. கைத்தடியால் படியின் விளிம்பில் ஒரு தட்டு, மேற்பரப்பில் ஒரு தட்டு, அதன் பிறகே கால். ஒன்பதாவது படியில் மட்டும் விளிம்பில் இரண்டு தட்டு. அவர் குருட்டாம்போக்கில் வைக்கும் அடி ஒன்றுகூட இல்லை.

1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் ஃபோர்மன் செய்ததும் இதைத்தான். எதிரே நின்ற மைக்கேல் மூரருக்கு வயது 26. அதுவரை மோதிய 35 சண்டைகளிலும் தோல்வி அறியாதவர். ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவில், இடக்கைப் பழக்கம் உள்ள சாம்பியன்களில் முதலாமவர். ஃபோர்மனோ பதினேழு மாதங்களாகச் சண்டையே போடாதவர். வயதைக் காட்டி அனுமதி மறுத்த குத்துச்சண்டை அமைப்பை எதிர்த்து நீதிமன்றம் போய், அதன் பிறகே அந்த மேடையில் ஏற முடிந்தவர். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது, நடுவர்கள் மூவரின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார்: இருவர் 88-83, ஒருவர் 86-85. நீங்கள் சொல்வது இது வரை சரி.

ஆனால் அந்த ஒன்பது சுற்றுகளிலும் அவருடைய இடக்கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஜாப் என்று சொல்லப்படும் நேர்க்குத்தை அவர் சலிக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தார். சாய்க்க வேண்டும் என்ற அவசரம் அந்தக் குத்தில் இல்லை. மூரரின் தலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, குத்து வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நேரம் அதே இடத்தில் நிற்கிறது என்பதைத் தட்டிப் பார்க்கும் கைத்தடி அது. ஃபோர்மன் எதிரே நேராக நிற்காதே என்று மூரரின் பயிற்சியாளர் டெடி அட்லஸ் சுற்றுக்குச் சுற்று எச்சரித்துக்கொண்டிருந்தார்; ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அந்த மூலையில் இருந்தவருக்கும் தெரிந்தே இருந்தது. பத்தாவது சுற்றில் மூரர் நின்றார். இடக்கை அளந்தது, வலக்கை நெற்றியில் பட்டது. மறுபடி இடக்கை அளந்தது. இம்முறை வலக்கை சற்றுத் தாழ்ந்து, கையுறைகளின் நடுவே புகுந்து, முகவாயில் இறங்கியது. முதல் குத்தின் உயரத்தைத் திருத்தி இரண்டாவது குத்தை இறக்குவதற்குப் பெயர் குருட்டடியா?

அந்தப் பொறுமை அவருக்குப் பிறவிக் குணம் அன்று என்பதைச் சொல்லத்தான் சென்ற இதழில் அவ்வளவு எழுதினேன். டெக்சாஸில் வறுமையில் வளர்ந்து, ஏழை இளைஞர்களுக்கான அரசுத் தொழிற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்து, அங்கே கையுறை மாட்டிக்கொண்டு, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இளைஞருக்குக் காத்திருக்கத் தெரியாது. காத்திருக்க வேண்டிய தேவையும் வரவில்லை. 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே காணாத ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை கீழே தள்ளிப் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு கென் நார்ட்டனுக்கும் இரண்டு சுற்றுகளே. முகமது அலியைத் தோற்கடித்திருந்த இருவரையும் இப்படி ஊதித் தள்ளியவர், 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவில், இன்றைய காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் அலியின் எதிரே நின்றபோது, அலியின் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சியவர்கள் பலர். அலி மேடையைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்கினார். ஃபோர்மன் அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது சுற்றில் அவருடைய கைகளில் பலம் இல்லை; அலி அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். அந்த இரவில் உங்கள் சொல் அவருக்குப் பொருந்தியிருக்கலாம், அளக்காமல் வீசினார்.

கயிறு தளர்ந்திருந்தது, நடுவர் வேகமாக எண்ணிவிட்டார் என்றெல்லாம் பல காலம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். 1977 மார்ச்சில் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் புள்ளிக் கணக்கில் தோற்ற அன்று, உடை மாற்றும் அறையில் ஏதோ ஒரு தெய்வ அனுபவம் தமக்கு நேர்ந்தது என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். பிறகு பத்தாண்டுகள் சண்டையே இல்லை. ஹூஸ்டன் தெருமுனைகளில் பிரசங்கம் செய்தார், தேவாலயம் நடத்தினார், பிள்ளைகளுக்காக ஓர் இளைஞர் மையம் தொடங்கினார். மையத்துக்குப் பணம் போதாமல் போனபோது, 1987-இல் 38 வயதில், ஏறக்குறைய 121 கிலோ உடம்போடு திரும்பி வந்தார். கின்ஷாசாவில் அவர் எடை சுமார் 100 கிலோ. ஊரே சிரித்தது. 1991-இல் அப்போதைய உலக சாம்பியன் ஹோலிஃபீல்டிடம் தோற்றாலும் பன்னிரண்டு சுற்றும் நின்று காட்டியபோதுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வேறு இடத்தில் பேசலாம். 1995-இல் ஆக்செல் ஷூல்ஸுக்கு எதிராக நடுவர்கள் ஃபோர்மனுக்கு வெற்றி கொடுத்தார்கள். அது ஜெர்மானியருக்குச் சேர வேண்டிய வெற்றி என்று சொன்னவர்கள் பலர், நானும் அவர்கள் பக்கம். 1997-இல் ஷானன் பிரிக்ஸிடம் அவர் தோற்றதாக அறிவித்தார்கள்; அது அநியாயம் என்றும் பலர் சொன்னார்கள், அங்கேயும் நான் அவர்கள் பக்கம். கொடுத்ததும் பறித்ததும் நடுவர்களின் புள்ளித் தாள்கள். மூரரின் முகவாயில் விழுந்த குத்துக்கு எந்தத் தாளின் தயவும் வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்ட காலத்திலிருந்தே நம் ஊர் அலி ரசிகர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அலியை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அலியை உயர்த்துவதற்காக ஃபோர்மனை வில்லனாக்கும் கதையை நான் ஏற்க மாட்டேன். கின்ஷாசா சண்டையைப் பற்றிய ஆவணப்படம் 1997-இல் ஆஸ்கர் வாங்கியபோது, நடுக்குவாத நோயால் தளர்ந்திருந்த அலியைக் கைப்பிடித்து மேடை ஏற உதவியவர் ஃபோர்மன். பல ஆண்டுகள் தம்மைத் தூங்கவிடாத தோல்வியைக் கொடுத்தவரின் கை அது.

மூரரை வீழ்த்திய இரவில் அவர் அணிந்திருந்ததும் கின்ஷாசாவில் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்புக் கால்சட்டைதான். நடுவர் பத்து எண்ணி முடித்ததும் அவர் கையை உயர்த்திக் குதிக்கவில்லை. தம் மூலைக்குப் போய் மண்டியிட்டார். சென்ற ஆண்டுகளில் உங்களைப் போன்றவர்கள் பார்த்தது அந்தக் கடைசிக் குத்தை மட்டும் வெட்டி ஒட்டிய சில நொடிகளாகத்தான் இருக்கும். முழுச் சண்டையையும் முதல் சுற்றிலிருந்து பாருங்கள். மூரரைப் பார்க்காதீர்கள், ஃபோர்மனின் இடக்கையை மட்டும் பாருங்கள். பார்த்த பிறகும் உங்களுக்கு அது குருட்டடியாகவே தோன்றினால் மலையிலிருந்து இறங்கி வாருங்கள்; மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பெரியவர் எங்கள் படியேறுவார்.